கத்தி வைக்கிற இடம்

எங்கள் ஊர்ச் சாமிக்குத் தலையில் வெட்டுக்காயம் உண்டு. திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரரைத்தான் சொல்கிறேன். தொண்டைமான் சக்கரவர்த்தியின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது, அவன் வாளை உருவி வெட்டினான், கொடிக்குள் இருந்த லிங்கத்தின் மேல் வெட்டு விழுந்து ரத்தம் பெருகியது என்பது தலபுராணம். அந்தக் காயத்துக்காக வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பு. சித்திரை மாசம் சதயத்தன்றுதான் அதைக் களைந்து புதுசாகச் சாத்துவார்கள். பெயரோ மாசு இலா மணி. சின்ன வயசில் இந்த முரண் எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

என் சித்தி ஒவ்வொரு வருஷமும் அந்தச் சதயத்துக்குப் போகிறவள். போன வருஷம் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “கூட்டத்துல எல்லாரும் பாப்பாங்கடா” என்றாள். அவள் இடது கை முந்தானையின் ஓரத்தைக் காதுக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கை இப்போதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

சித்திக்கு 52 வயசு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை. தைத்து வரும் சட்டையில் தையல் எங்கே கோணியிருக்கிறது, நூல் எங்கே பிசிறியிருக்கிறது என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. மூன்று வருஷத்துக்கு முன் இடது காதுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை வந்தது. வலி இல்லை. பொன்னுக்கு வீங்கி என்று நினைத்துப் பக்கத்து வீட்டு அம்மா சொன்ன பத்தெல்லாம் போட்டார்கள். கடைவாய்ப் பல் என்று பல் டாக்டரிடமும் போனார்கள். கடைசியில் ஊசி குத்தி எடுத்துப் பரிசோதித்தபோது பரோடிட் என்கிற எச்சில் சுரப்பியில் கட்டி என்று தெரிந்தது. சாதுவான கட்டிதான். எச்சில் சுரப்பிக் கட்டிகளில் பெரும்பாலானவை இந்தச் சுரப்பியில்தான் வருகின்றன. அதில் ஏறத்தாழ 80 சதவீதம் சாதுவானவை. ஆனாலும் எடுத்துவிட வேண்டும். விட்டால் வளரும், வெகுநாள் விட்டால் சில சமயம் குணம் மாறும்.

பரோடிட் அறுவை லேசான காரியமில்லை. முகத்தின் ஒரு பக்கத் தசைகள் எல்லாவற்றையும் இயக்குகிற முகநரம்பு காதுக்குப் பின்னால் எலும்பிலிருந்து வெளியே வந்து, இந்தச் சுரப்பிக்குள் புகுந்து, ஐந்து கிளைகளாகப் பிரிந்து நெற்றிக்கும் கண்ணுக்கும் கன்னத்துக்கும் உதட்டுக்கும் கழுத்துக்கும் போகிறது. கிளை ஒன்று அறுந்தால் கண் மூடாது, அல்லது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். சித்திக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. கண் மூடுகிறது, சிரிப்பு நேராக இருக்கிறது, கட்டி முழுசாக வந்துவிட்டது. அறுவை செய்தவர் கைராசிக்காரர் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன், இன்னமும் சொல்வேன். அந்த மருத்துவமனையின் பெயரையோ டாக்டரின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. என் சண்டை அவரோடு இல்லை. அவர் படித்த பாடத்தில் ஒரு பக்கம் காணாமல் போயிருக்கிறது, அதோடுதான் சண்டை.

கட்டு பிரித்தபோது வெட்டு இப்படி இருந்தது: காதுக்கு முன்னால் மேலிருந்து கீழே இறங்கி, காது மடலின் அடியில் வளைந்து பின்னால் போய், திரும்பி, தாடைக்கு இரண்டு விரல் கீழே கழுத்தில் முன்னோக்கி ஓடி முடிகிறது. மாற்றியமைத்த பிளேர் வெட்டு என்று பெயர். வில்ரே பிளேர் 1912இல் விவரித்தது, 1941இல் ஹாமில்டன் பெய்லி திருத்தியது. வடிவத்தை வைத்து ஆங்கிலத்தில் செல்லமாகச் சோம்பேறி எஸ் என்கிறார்கள். முதல் மாசம் அது மெல்லிய சிவப்புக் கோடுதான். நாலாவது மாசம் கழுத்துப் பகுதி மட்டும் தடித்தது, கறுத்தது, அரிக்க ஆரம்பித்தது. ஆறாவது மாசம் ஒரு மண்புழு ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. மண்புழு என்பது என் வார்த்தை இல்லை. கம்பெனியில் யாரோ சொல்லி, அது அவள் காதுக்கு வந்து சேர்ந்தது.

*

அந்தத் தழும்பைக் காட்டுவதற்காக நுங்கம்பாக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் அவளைக் கூட்டிப் போனேன். நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். ஒரு கன்சல்டேஷனுக்கு 1,500 ரூபாய் கொடுப்பது எனக்கு முடியும். எங்களுக்கு முன்னால் அறுபதை நெருங்கிய ஒரு அம்மா ஃபேஸ்லிஃப்ட்டுக்காக வந்திருந்தார். அறை சின்னது, திரைச்சீலை மட்டும்தான் தடுப்பு. ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது.

டாக்டர் அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். “முடியை எப்பவும் கொண்டை போடுவீங்களா, பின்னுவீங்களா?” “மாட்டல் போடுற பழக்கம் உண்டா?” “காது குத்தின இடத்துல எப்பவாவது கட்டி மாதிரி வந்திருக்கா?” “வீட்டுல யாருக்காவது தழும்பு தடிக்கிற உடம்பா?” என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு பேனாவால் காதைச் சுற்றிக் கோடு போட்டு, இப்படிப் போட்டால் இது நன்மை, இது தொல்லை, அப்படிப் போட்டால் அது, என்று சொன்னார். அந்த அம்மா ஒரு கோட்டைப் பார்த்து, “இது வேணாம், டாக்டர்” என்றார். டாக்டர் ஸ்பிரிட் தொட்டு அதை அழித்தார்.

சித்தி என்னைப் பார்த்தாள். கழுத்திலிருந்த கை இறங்கவில்லை.

அந்த அம்மாவிடம் டாக்டர் விளக்கியதைப் பிறகு நான் தேடித்தேடிப் படித்தேன். நம்மில் பலரும் ஃபேஸ்லிஃப்ட் என்றால் பணக்காரக் கிழவிகளின் தோலை இழுத்துத் தைப்பது என்று நினைத்துச் சிரிக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அந்தக் கோடு எங்கே போக வேண்டும் என்பதில் எவ்வளவு யோசனை இருக்கிறது தெரியுமா?

காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கம், வெட்டை முடிக்குள் போடலாம் அல்லது முடி தொடங்குகிற ஓரத்திலேயே போடலாம். முடிக்குள் போட்டால் தழும்பு தெரியாது. ஆனால் தோலை இழுக்கும்போது காதோர முடியும் சேர்ந்து மேலே ஏறிவிடும். காதுக்கு முன்னால் முடியே இல்லாத ஒரு வழுக்கைப் பட்டை உண்டாகும், அதைவிடப் பெரிய காட்டிக்கொடுப்பு இல்லை. ஓரத்தில் போட்டால் முடி இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் தழும்பு சரியாக ஆறாவிட்டால் ஊருக்கே தெரியும். யார் எப்படி முடி சீவுகிறார்கள் என்று கேட்காமல் இதை முடிவு பண்ண முடியாது.

அடுத்து காதுக்கு முன்னால். காதுத் துளைக்கு முன்பாகச் சின்னக் குருத்தெலும்பு மேடு ஒன்று நிற்கிறதே, ட்ரேகஸ், அதற்கு முன்னே உள்ள இயற்கையான மடிப்பில் வெட்டலாம், அல்லது அதன் விளிம்புக்குப் பின்னால் ஒளித்து வெட்டலாம். ஒளித்தால் கோடு மறையும். ஆனால் கன்னத்துத் தோல் தடிமன், ட்ரேகஸ் தோல் மெல்லிசு. கன்னத் தோலைக் கொண்டுபோய் அங்கே போர்த்தும்போது அந்த மேடு தட்டையாகிவிடலாம், முன்னால் இழுபட்டுக் காதுத் துளை வாய் பிளந்த மாதிரி தெரியலாம். ஆண்களுக்கு இன்னொரு கூத்து உண்டு. தாடி வளர்கிற தோல் ட்ரேகஸ் மேல் ஏறி உட்கார்ந்தால் காலையில் காதுக்குள்ளும் சேவ் பண்ண வேண்டியிருக்கும். அதனால் பெரும்பாலும் ஆண்களுக்கு முன் மடிப்பிலேயே வெட்டுகிறார்கள்.

காது மடலின் அடியில் இழுவிசை துளி கூடினாலும் மாதக்கணக்கில் மடல் கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டிப்போகும். குட்டிச்சாத்தான் காது என்று சொல்லலாம், ஆங்கிலத்திலும் ஏறத்தாழ அப்படித்தான் சொல்கிறார்கள். கம்மல் போடுகிறவர்களுக்கு அது தினசரி அவஸ்தை. காதுக்குப் பின்னால் வெட்டு பள்ளத்திலேயே போக வேண்டுமா, கொஞ்சம் காதின் முதுகில் ஏறிப் போக வேண்டுமா என்று இன்னொரு முடிவு. ஆறும்போது தழும்பு கீழே நழுவும் என்பதால் பலர் கொஞ்சம் ஏற்றியே போடுகிறார்கள். ரத்த ஓட்டம் கடைசியாக வந்து சேர்கிற இடமும் அதுதான். புகை பிடிக்கிறவர்களுக்குத் தோல் செத்து உதிர்வது பெரும்பாலும் அங்கேதான்.

இவ்வளவு யோசிக்க வசதி வந்ததற்கே ஒரு காரணம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோலை மட்டும் கொஞ்சம் கத்தரித்து இழுத்துத் தைத்தார்கள். இழுவிசை முழுக்கத் தையலின் மேல், தழும்பு அகலமாகும், சீக்கிரம் தொங்கிவிடும். 1974இல் ஸ்வீடனில் ஸ்கூக், 1976இல் பிரான்சில் மிட்ஸும் பெய்ரோனியும், தோலுக்கு அடியில் இருக்கிற இன்னொரு படலத்தைப் பற்றி எழுதினார்கள். பாரத்தை அந்தப் படலம் சுமந்தால் தோல் சும்மா மேலே கிடக்கலாம். சும்மா கிடக்கிற தோல் நன்றாக ஆறும். தையல் வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். உள்துணி பாரம் தாங்கினால் மேல்துணி சுருங்காது. சித்தியிடம் சொன்னபோது அவளுக்கு ஒரே தடவையில் புரிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஃபேஸ்லிஃப்ட் வெட்டு பரோடிட் கட்டியை எடுக்கவும் பயன்படும். 1967இலேயே அப்பியானி அதைச் சொல்லிவிட்டார். காதுக்கு முன்னால் இறங்கி, மடலைச் சுற்றி, காதுக்குப் பின்னால் ஏறி, முடிக்குள் மறைகிற வெட்டு. கழுத்தில் ஒரு கோடும் வராது. எல்லாக் கட்டிக்கும் இது சரிப்படாது. கன்னத்தில் முன்னால் தள்ளி இருக்கிற கட்டிக்குக் கை எட்டாது. புற்றுநோய் என்று சந்தேகம் இருந்து கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும் என்றால் பிளேர் வெட்டுதான் வசதி. நேரமும் கொஞ்சம் கூடலாம். சித்தியின் கட்டி சின்னது, சாது, சுரப்பியின் வால்பகுதியில் இருந்தது.

“அப்ப எனக்கும் இதைப் பண்ணியிருக்கலாமா, சார்?” என்று அவள் கேட்டாள்.

நுங்கம்பாக்கத்து டாக்டர் நேர்மையானவர். “அந்த நேரத்துல உள்ள என்ன இருந்துச்சுன்னு பார்க்காம நான் சொல்லக் கூடாதும்மா” என்றார். பிறகு, “கேட்டிருக்கலாம்” என்றார்.

*

2018 பிப்ரவரி. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவையை இலவசமாகச் செய்யப்போகிறோம் என்று தமிழக அரசு அறிவித்தது. அப்போது சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர். ஏழைகளுக்கு மட்டும் அழகுச் சிகிச்சை ஏன் கிடைக்கக் கூடாது என்று அவர் கேட்டார். செய்தி உலகம் முழுக்கப் போனது. எல்லா இடத்திலும் ஒரே சிரிப்பு. இங்கே டெங்குவுக்குப் படுக்கை இல்லை, இவர்களுக்கு அழகு கேட்கிறதா என்று நான் முகநூலில் எழுதினேன். நூறு லைக்குக்கு மேல் வந்தது. இப்போது அந்தப் பதிவைத் தேடிப் படித்தால் கூசுகிறது. அமைச்சரின் கட்சி மேல் எனக்கு அன்றும் அன்பில்லை, இன்றும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரி. எங்கள் சிரிப்புதான் தப்பு.

உயிர்காக்கும் சிகிச்சைக்குப் பணம் போதாதபோது அழகுக்கு எதற்கு என்ற வாதத்துக்கு ஒரு கெளரவம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதத்துக்குள் ஒரு களவு நடக்கிறது. உயிர் ஒரு பக்கம், தோற்றம் ஒரு பக்கம் என்று பிரித்து, உயிரை எல்லோருக்கும், தோற்றத்தைக் காசுள்ளவனுக்கும் எழுதி வைத்துவிடுகிறது. சித்தி விஷயத்தில் இரண்டும் ஒரே கத்தி. கூடுதலாக ஒரு அறுவை வேண்டாம், கூடுதலாகப் பெரிய செலவு வேண்டாம். கத்தியை எங்கே வைப்பது என்று ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வியைத்தான் ஏழையின் உடம்புக்கு ஆடம்பரம் என்று முடிவு பண்ணியிருக்கிறோம்.

காப்பீட்டிலும் வரியிலும் இதையே காணலாம். காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் எட்டாவது, அழகு அறுவையும் பிளாஸ்டிக் அறுவையும். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு, அல்லது மருத்துவத் தேவை இருந்தால்தான் தப்பிக்கலாம். 2017 சரக்கு சேவை வரி அறிவிப்பிலும் மருத்துவச் சேவைக்கு விலக்கு, அழகு அறுவைக்கு விலக்கில்லை; பிறவிக் குறையும் காயமும் விதிவிலக்கு. இந்த ஏற்பாட்டில் சித்தியின் தழும்பு எந்தப் பெட்டியில் விழும்? அவள் விபத்தில் சிக்கவில்லை. அவளுக்குப் புற்றுநோய் இல்லை. கண் மூடுகிறது, வாய் திறக்கிறது. ஆக அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

என் நண்பர்களில் இன்னொரு கட்சி இருக்கிறது. படித்தவர்கள், முற்போக்கு, சிறுபத்திரிகை வாசகர்கள். அழகு என்பதே சந்தை கட்டிய மாயை, தழும்பைப் பெருமையாகக் காட்டட்டுமே என்பார்கள். சித்தியிடம் போய்ச் சொல்லுங்கள். தழும்பு பெருமை என்பது, அதைத் தான் தேர்ந்தெடுத்தவனுக்கோ அதற்குக் கதை சொல்லத் தெரிந்தவனுக்கோ கிடைக்கிற வசதி. செக்கிங் டேபிளில் எட்டு மணி நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருப்பவளின் கழுத்தைப் பின்னாலிருந்து சூப்பர்வைசர் பார்க்கிறான். அங்கே பெருமை என்ன செய்யும்? 1920களில் பாரிஸில் சுசான் நோயெல் என்றொரு பெண் சர்ஜன் இருந்தார். வாக்குரிமைக்காகப் போராடியவர். முகச்சுருக்கம் விழுந்ததால் வேலை போகும் நிலையில் இருந்த பெண்களுக்கு ஃபேஸ்லிஃப்ட் செய்தார். 1926இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே அழகு அறுவையின் சமூகப் பங்கு என்று இருக்கிறது. மாயை என்று அவரும் பேசியிருக்கலாம். தன் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது கட்சி குடும்பம். “இந்த வயசுல யாரு உன்னைப் பாக்கப் போறா?” இதைச் சொன்னது சித்தப்பா. நல்ல மனுஷன்தான், ராத்திரி பூராவும் மருத்துவமனை வராந்தாவில் தரையில் படுத்துக் கிடந்தவர். அவர்தான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம். சித்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், சுயநினைவோடு, பத்தாவது பாஸ் பண்ணியவள். அவளிடம் பேனா வரவில்லை.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பரிசோதிக்க மட்டும் சம்மதித்த பெண் மயக்கத்தில் இருக்கும்போது, அவருடைய அம்மாவிடம் கேட்டு, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வயது வந்த, புத்தி தெளிந்த நோயாளியின் சம்மதத்துக்குப் பதிலாக உறவினர் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். மாற்றுச் சிகிச்சைகள் இருந்தால் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை எப்படி அளப்பது? மருத்துவர் சமூகம் எதைப் போதுமானது என்று ஏற்கிறதோ அதுவே போதும் என்று நிறுத்திக்கொண்டது. 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் மாண்ட்கோமரி வழக்கில் அந்த அளவுகோலைத் தூக்கிப் போட்டது. அந்த நோயாளியின் இடத்தில் இருக்கிறவருக்கு எது முக்கியமாகப் படுமோ அதைச் சொல்லியாக வேண்டும் என்றது. நாம் இன்னும் பழைய அளவுகோலில்தான் நிற்கிறோம். டாக்டர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வதில்லை என்றால் நம்மிடமும் கேட்க வேண்டியதில்லை. சமீரா கோலிக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

*

என் தொழிலில் டீஃபால்ட் என்று ஒன்று உண்டு. நீங்கள் எதையும் தொடாவிட்டால் மென்பொருள் தானாக எடுத்துக்கொள்கிற முடிவு. பத்து வருஷமாக இதைச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், யாரும் செட்டிங்ஸுக்குள் போக மாட்டார்கள். போக மாட்டார்கள் என்று தெரிந்துதான் டீஃபால்ட்டை வைக்கிறோம். பிறகு மீட்டிங்கில், “யூசர் யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலையே” என்போம். நான் அந்த மீட்டிங்கில் இருந்திருக்கிறேன், அந்த வாக்கியத்தை நானே சொல்லியிருக்கிறேன். இன்னொரு பொத்தான் இருக்கிறதென்று தெரியாதவன் எப்படி கம்ப்ளெய்ன்ட் பண்ணுவான்? சித்தியின் கழுத்தில் இருப்பது ஒரு டீஃபால்ட்.

நேரம் எங்கே இருக்கிறது என்பார்கள். உண்மைதான். ஒரு அரசு டாக்டர் காலையில் பார்க்கிற கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன், அவர் மேல் எனக்குக் கோபம் வராது. ஆனால் அதே டாக்டர் பி.பி., சர்க்கரை, ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை எல்லாவற்றையும் கேட்கிறார். ஏனென்றால் அவை படிவத்தில் இருக்கின்றன. “காது குத்தின இடத்துல கட்டி வந்திருக்கா?” என்பது படிவத்தில் இல்லை. நம் நிறத்துத் தோலில் தழும்பு தடிப்பதும் கறுப்பதும் வெள்ளைத் தோலைவிட அதிகம் என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அதற்குப் பேர்போன இடங்களில் ஒன்று காது மடல். சித்திக்கு இருபது வயசில் மேல்காது குத்தியபோது வந்த சின்னக் கீலாய்டு ஒன்று இன்னமும் அங்கேயே இருக்கிறது, மிளகு அளவுக்கு. கத்தி போன பாதைக்கும் அதற்கும் நடுவே ஒரு அங்குலம். கோடு போட்டவரின் கண்ணெதிரே அது இருந்தது.

இத்தனைக்கும் காதைப் பற்றி அக்கறையில்லாத சமூகமா நம்முடையது? காதுகுத்துக்குப் போயிருப்பீர்கள். மாமன் மடியில் பிள்ளை. ஆசாரி மையால் புள்ளி வைப்பார். “இன்னும் கொஞ்சம் கீழ வையுங்க.” “ரொம்பக் கீழ போனா அறுந்துடும், வளந்தா ஜிமிக்கி போட வேணாமா?” “ரெண்டு பக்கமும் சமமா இருக்கா, பாருங்க.” பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி, எல்லோருக்கும் கருத்து இருக்கும். புள்ளியை அழித்து மறுபடி வைப்பார், மூன்று தடவைகூட. ஒரு பொட்டுத் துளைக்கு இவ்வளவு பேச்சு. தெற்கே பாம்படமும் தண்டட்டியும் போட்டுக் காது வளர்த்த பாட்டிகள் இருந்தார்கள். அவர்களில் பலர் பின்னாளில் தொங்கிய மடலை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். வளர்த்ததும் ஊர் ஆசை, வெட்டியதும் ஊர் பேச்சு என்று சொல்லலாம். அது வேறு கட்டுரை. ஆனால் காதில் எது எங்கே இருக்க வேண்டும் என்பது நமக்கு எப்போதும் பேசித் தீர்க்கிற விஷயமாகத்தான் இருந்திருக்கிறது.

சுஸ்ருதரைப் பற்றி வாட்ஸாப்பில் வருகிற பெருமைகளை நான் படிக்காமலே தள்ளிவிடுவேன். ஆனால் சுஸ்ருத சம்ஹிதையில் அறுந்த காது மடலை ஒட்டுவதற்குப் பதினைந்து முறைகள் சொல்லப்பட்டிருக்கின்றன என்பது உண்மை. ஏன் பதினைந்து? மடல் ஆளுக்கு ஆள் வேறு. ஒருத்தருக்குத் தடித்தது, ஒருத்தருக்கு மெல்லியது, இன்னொருத்தருக்கு ஒரு பக்கம் மட்டும் மிச்சம். எதிரே இருக்கிற காதைப் பார்த்துவிட்டுத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. பெருமைப்பட வேண்டுமானால் இதற்குப் படலாம்.

ஸ்டான்லியில் கை அறுவைக்கென்றே ஒரு பெரிய துறையை வளர்த்தவர் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி. வடசென்னையிலும் அம்பத்தூரிலும் பிரஸ்ஸில் விரல் போன தொழிலாளிகள் அங்கேதான் போனார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் உண்டு. எந்த விரலைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்பதை, அந்த ஆள் என்ன வேலை செய்கிறான் என்று கேட்காமல் முடிவு பண்ண முடியாது. கைக்குக் கேட்கலாம், ஏனென்றால் கை சம்பாதிக்கிறது. முகமும் சம்பாதிக்கிறது என்பதை யாராவது சித்தியின் சூப்பர்வைசரிடம் கேட்டுப் பாருங்கள். சம்பாதிக்காவிட்டால்தான் என்ன? அவளுடையது.

நுங்கம்பாக்கத்தை நான் கோயிலாக்கவில்லை. அங்கேயும் ஏமாற்று உண்டு. தழும்பே இருக்காது என்று விளம்பரம் போடுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள். தோலின் ஆழம்வரை வெட்டினால் தழும்பு உண்டு, தெரிகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. காதுக்கு முன்னால் மட்டும் சின்ன வெட்டு, மத்தியானம் வந்து சாயங்காலம் போகலாம் என்பார்கள், கழுத்துத் தொங்கலுக்கு அது போதாது என்பதைப் பில் கட்டியபிறகு சொல்வார்கள். காசுள்ளவரிடம் தேர்வைச் சரக்காக விற்கிறார்கள், காசில்லாதவரிடம் அப்படியொன்று இருப்பதையே சொல்வதில்லை. இரண்டில் எது மோசம் என்று என்னைக் கேட்டால் யோசிக்கவே மாட்டேன்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. படிவத்தில், தமிழில், நாலு வரி. எந்த இடத்தில் வெட்டப்போகிறோம். வேறு இடத்தில் வெட்ட முடியுமா. முடியாது என்றால் ஏன். உங்களுக்குத் தழும்பு தடிக்குமா. பிறகு ஒரு கைக்கண்ணாடி. “உங்க நரம்புக்கு ஆபத்தில்லாம எடுக்கணும்னா கழுத்துல கோடு போட்டுத்தான் ஆகணும்மா” என்று டாக்டர் சொல்லியிருந்தால் சித்தி தலையை ஆட்டியிருப்பாள், இதே தழும்பு இதே இடத்தில் இருந்திருக்கும், நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

*

சின்னம்மாக்கள் எல்லாம் ஊசிக்குப் பயப்படுவார்கள் என்று நினைத்தேன், சித்தி பயப்படவில்லை. தடித்த தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி, மாசம் ஒரு தடவை. இதுவரை மூன்று போட்டாயிற்று. அரிப்பு நின்றிருக்கிறது, கொஞ்சம் தட்டையாகியிருக்கிறது, நிறம் மாறவில்லை. சிலிக்கான் ஜெல் விலையைக் கேட்டு முதலில் வேண்டாம் என்றாள். நான் வாங்கி வைத்ததும் கோபித்துக்கொண்டு, பிறகு பட்டாணி அளவு எடுத்து ராத்திரியில் தடவுகிறாள்.

போன வாரம் மூன்றாவது ஊசியின்போது நானும் உள்ளே இருந்தேன். நர்ஸ் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். சித்தி முந்தானையை விட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

“கண்ணாடி இருக்கா, சிஸ்டர்? எங்க குத்தப் போறீங்கன்னு பாத்துக்கறேன்.”

நர்ஸ் சிரித்துக்கொண்டே மேஜை டிராயரைத் திறந்தார். சித்தி கண்ணாடியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தாள். தையலைச் செக் பண்ணுகிற அதே பார்வை. பிறகு ஆள்காட்டி விரலால் ஒரு இடத்தைத் தொட்டு, “இங்க இன்னும் தடிப்பா இருக்கு, இங்க போடுங்க” என்றாள்.